அழி, அளி

செங்காங்கில், நான்காவது மாடியில்,
சீனமொழி வகுப்புக்கு அடுத்த அறை எங்களுடையது.
மூன்று வகுப்புகளிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளோடு
வந்து சேர்வார்கள் பதினேழு பேர்.
சக்கர அலமாரியில் இரவெல்லாம் மின்னேறிக்
கதகதத்துக் கிடக்கும் கைக்கணினிகளை
முட்டை கொடுப்பதுபோல்
இரண்டு கையாலும் கொடுப்பேன்.
ஒன்பதாம் எண்ணுக்கு மூலையில் விரிசல்.
ஜெரோம் மட்டும் அதைக் கேட்டு வாங்குவான்.

அன்று வாசித்துப் பதிவுசெய்யும் பாடம்.
'மழை பொழிந்தது. வாழை இலை நனைந்தது.'
எழுதியது நான்தான்,
ழகரத்துக்காகவே வரவழைத்த மழை.
வெளியே நல்ல வெயில்.
ஆளுக்கொரு சுவர்ப்பக்கம் திரும்பி
உள்ளங்கையைக் கூடாரமாக்கி
ரகசியம்போல் வாசித்தார்கள்.
ஜெரோம் மூன்று முறை எடுத்தான்.
மூன்று முறையும் மளை பொளிந்தது.

மறுநாள் நான் அறைக்குள் நுழையும்போது
அவன் குரல் எலிக்குரலாகி
எட்டுத் திரைகளில் கீச்சிட்டுக்கொண்டிருந்தது.
மளை மளை மளை,
பின்னால் தாளம், முகத்தில் பூனை மீசை.
செய்தவன் துருவன்.
போன மாதம் இந்தச் செயலியை
எனக்கே சொல்லித் தந்தவன்.
சிரித்தவர்களில் ஜெரோமும் இருந்தான்,
எல்லாரையும்விடச் சத்தமாக.
அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பேசத் தொடங்கினேன்.
பிறர் குரல் பிறர் உடைமை,
கேட்காமல் எடுக்காதே, கேட்காமல் அனுப்பாதே.
பயிற்சிப் பட்டறையில் வாங்கிவந்த சொற்கள்,
மடிப்புகூடக் கலையாதவை.
ஓட்டுநர் இல்லாத இலகு ரயில் ஒன்று
சன்னலை உரசிப் போனது.
நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன்
தண்டவாளத்தில், யாரும் ஏறாமல்.

ஹாஜிரா கை தூக்கினாள்.

"டீச்சர், தீபாவளிக்கு நாங்க ஆடினத
உங்க ஃபேஸ்புக்ல போட்டீங்களே,
என்னைக் கேட்டீங்களா?"

பெற்றோர் கையெழுத்திட்ட தாள் இருக்கிறது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அது பள்ளியின் பக்கத்துக்கு.
இது என் பக்கம்.
நூற்று நாற்பத்திரண்டு விருப்பங்கள்.
எண்ணிப் பார்த்திருக்கிறேன், இருமுறை.

கைப்பேசியை மேசைமேல் வைத்தேன்.
பதினேழு தலைகள் குனிந்தன.
படத்தில் ஜெரோமுக்குக் கண் பாதி மூடியிருந்தது,
ஜிப்பாவில் பொத்தான் மாறியிருந்தது.
ஹாஜிரா ஒருத்திதான் நேராகப் பார்க்கிறாள்,
என்னையாகத்தான் இருக்கும்,
படமெடுத்தது நானல்லவா.

"என்ன செய்யட்டும்?"
துருவன் தன் திரைமேல் விரலை நிறுத்தியபடி
என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெரோம் சொன்னான்:
"அளி, டீச்சர்."

அழி என்றுதான் சொல்ல வந்தான்.
வந்து விழுந்தது
'அனுமதி அளி' என்று
பொத்தான்கள் நம்மைக் கேட்கும் சொல்.
பழைய பாட்டுகளில்
இரக்கத்துக்கும் அதே சொல்தான்.
திருத்துவதற்கு நாக்கு எழுந்தது, பதினோரு வருடப் பழக்கம்.
உட்கார வைத்தேன்.

அழித்தேன்.
துருவனும் அழித்தான், கண் சிவந்து.
எட்டுப் பேரும் தேடிப் பார்த்தார்கள்.
யாராவது வீட்டுக்கு அனுப்பியிருந்தால்
அது எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது,
அதையும் சொன்னேன்.
அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.
பக்கத்து அறையில் சீனத்தில் ஏதோ எண்ணினார்கள்.

மணி அடித்தபின்
ஜெரோம் ஒன்பதாம் எண்ணோடு நின்றான்.
"நாலாவது தடவை எடுத்திருக்கேன்.
நீங்க மட்டும் கேளுங்க."

அவன் போனபிறகு
கதவைச் சாத்தினேன்.
காதொலிக் கருவியைத் தேடி எடுத்து
மாட்டிக்கொண்டேன்.
முதலில் ஒரு மூச்சு,
நீளமாக.